பச்சைக் கோடு

ஹெட்போனை ஒவ்வொருவரும் பாவித்து முடிந்ததும் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து வைப்பது என் பழக்கம். ஒருவர் காதின் அழுக்கு இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது. மூன்று வருடங்களில் அந்த ஒலிக்கூடத்துக்கு வந்த ஒருவருக்குக்கூட என் ஹெட்போனால் காதில் ஒரு கடி, அரிப்பு வந்ததில்லை. விசாரணை நீதிபதி ஐயா, நீங்கள் என்னைப் பற்றி வைத்திருக்கும் கோப்பில் இதையும் எங்காவது சேர்த்துக்கொள்ளலாம்.

வாக்குமூலத்தை என் சொந்த மொழியிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. உங்கள் ஜெர்மன் மொழி, டொச், எனக்குத் தெரியும். ஆனால் டொச்சில் வாயைத் திறந்தால் நான் எப்போதும் மன்னிப்புக் கேட்பவனைப் போலவே இருக்கிறேன். இந்த விஷயத்தில் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. இதை உங்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறவர் சண்முகலிங்கம் அண்ணை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என் அகதி விசாரணைக்கும் அவர்தான் வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் இரக்கம் கூடியவர். நான் சொல்லாத இரண்டு அழுகைகளை அன்று அவராகவே சேர்த்துவிட்டார். அண்ணை, இந்த முறை அது வேண்டாம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறதே, அதையும் எங்கும் புகுத்த வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

என் பெயர் நித்தியானந்தன். வயது நாற்பத்து நான்கு. யாழ்ப்பாணத்தில் மின்னணுவியல் படித்துவிட்டுக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தேன். இங்கே சுவிஸுக்கு வந்து ஓஸ்டர்முண்டிகனில் குடியிருந்தபடி ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சட்டி கழுவினேன். பிறகு பேர்னில் ஓர் இசைப் பள்ளியில் தரை துடைத்தேன். ஒரு நாள் அவர்களுடைய ஒலிப்பதிவுக் கருவி பழுதாகி, மூன்று பேர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தபடி நின்றார்கள். நான் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தேன். தொண்ணூற்று நான்காம் ஆண்டு செப்டெம்பரில் என்னை ஒலிக்கூடத்துக்கு மாற்றினார்கள். கதவில் என் பெயர் போட்ட தகடு ஒன்றும் மாட்டினார்கள். புனிதவதியை, அதாவது என் மனைவியை, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய் அந்தத் தகட்டைக் காட்டினேன்.

ஒலிக்கூடத்தின் வேலை இரண்டு வருடப் பரீட்சார்த்தம். சீன நரம்பு வாத்தியம் படிப்பதற்குக் கொம்பியூட்டர் உதவுமா என்று பார்ப்பது. வாத்தியத்தின் பெயர் ஏர்ஹூ. இரண்டே நரம்பு, பாம்புத்தோல் போர்த்த சிறு குடம், நரம்புகளுக்கு நடுவே ஓடும் வில். வயலினில் விரலை அழுத்த ஒரு பலகையாவது இருக்கும். ஏர்ஹூவில் அதுவும் இல்லை. விரல் அந்தரத்தில் நிற்கும் நரம்பைத் தொட வேண்டும். ஒரு நெல்மணி அகலம் தவறினாலும் சுரம் போய்விடும். கண்ணுக்கும் கைக்கும் அங்கே வேலை இல்லை, காதுதான் எல்லாம். அதனால்தான் அதைப் படிப்பது கடினம். அதனால்தான் என்னையும் என் இயந்திரத்தையும் வைத்தார்கள்.

இயந்திரம் செய்வது இதுதான். ஆசிரியை வாசிப்பதைப் பதிந்து, அவருடைய சுரம் ஏறி இறங்குவதைத் திரையில் பச்சைக் கோடாக வரையும். மாணவர் வாசித்தால் அதன்மேல் சிவப்புக் கோடு ஓடும். சிவப்பு பச்சையோடு ஒட்டினால் சரி, விலகினால் பிழை. ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்து, எத்தனை பங்கு விலகியது என்று ஓரத்தில் எண்ணும் வரும்.

ஆசிரியை ஷென் யூலான். சீனாவின் சுஜோவிலிருந்து ஒரு சுவிஸ்காரரைக் கட்டி வந்து, அவரைப் பிரிந்து, தனியாக வாழ்ந்தவர். ஃபிராவ் ஷென், அதாவது திருமதி ஷென், என்போம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முதல் மாதம் முழுவதும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பாடம் நடத்தினார். அவர் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போகும்போதெல்லாம் இயந்திரம் அதைப் பிழை என்று காட்டியது. காட்டாதா பின்னே? அதை எழுதியவர்கள் பியானோக்காரர்கள். எனக்கோ அது எங்கள் கமகம்போல ஒரு சங்கதி என்று கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது. வழுக்கலைப் பிழையாக எண்ணாதபடி மூன்று வாரம் இருந்து கொம்பியூட்டர் நிரலை மாற்றி எழுதினேன். அன்று அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கட்டிடத்தில் காது உள்ளவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார். இந்த நாட்டில் ஒன்பது வருடத்தில் என்னைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்கு அழுகை வந்தது. அண்ணை, இந்த அழுகையை நீங்கள் தாராளமாக மொழிபெயர்க்கலாம்.

இருந்தாலும் இயந்திரம் அவருக்குத் தேவைப்படவில்லை. முதல் வருட முடிவில் பள்ளித் தலைவர் கேட்டபோது, உதவிதான், ஆனால் இல்லாவிட்டாலும் பாடம் நடக்கும் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு இம்மியும் கோபம் இல்லை. பரீட்சார்த்தம் முடிந்தால் நான் மறுபடி தும்புத்தடியைத் தூக்க வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதையும் பிறகு நான் செய்ததையும் நீங்கள் முடிச்சுப் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

தொண்ணூற்றைந்து நவம்பரில்தான் முதலில் கண்டேன். மாதம் ஒருமுறை ஒரே பாட்டை அவர் வாசிக்க, நான் பதிந்து வைப்பது வழக்கம். அந்த மாதம் மேல் சுரங்கள் எட்டுப் பங்கு கூடியிருந்தன. மனிதர்தானே, ஆனைக்கும் அடி சறுக்கும் என்று விட்டேன். டிசெம்பரில் பதினொன்று. வில்லை முன்னைவிட அழுத்தி இழுத்தார். விரல் தவறவில்லை, ஐயா. விரல் காது சொன்ன இடத்துக்குத்தான் போனது. காதுதான் வேறு இடத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தது.

வேறு யாருக்கும் இது தெரியாமல் போனது எப்படி என்று நீங்கள் வியந்தீர்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. ஃபிராவ் ஷென் வெளிநாட்டுக்காரி. ஒருவர் சொன்னதை இரண்டாம் தரம் கேட்டால், பாவம் டொச் விளங்கவில்லை என்று நினைத்து மெதுவாகச் சொன்னார்கள். மூன்றாம் தரமும் விளங்காவிட்டால் அவர் எங்கள் எல்லோரையும் போலச் சிரித்து, யா யா என்று தலையாட்டினார். உங்கள் மொழியில் பாதி விளங்காமலே தலையாட்டி வாழ்ந்து பழகியவர்களுக்கு, காது போகும்போதும் மொழிதான் போகிறது என்று தோன்றும். அவருக்கே அப்படித்தான் தோன்றியது. என் டொச் வரவர மோசமாகிறது என்று ஒரு நாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குளிர்காலத்தில் மாலை நேர மொழி வகுப்பில்கூடச் சேர்ந்தார்.

நான் அனுமானத்தில் நடப்பவன் அல்ல. ஜனவரியில் அவருக்கு ஹெட்போனை மாட்டி, கருவியைச் சரிபார்க்க வேண்டும், சத்தம் கேட்டால் விரலை உயர்த்துங்கள் என்றேன். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை படிப்படியாகக் கொடுத்தேன். சில இடங்களில் விரல் உயரவில்லை. அதைத் தாளில் குறித்தேன். மாதம் ஒன்றாகப் பதினைந்து தாள்கள் சேர்ந்தன. விஷயம் வெளியானபின் அவற்றைக் காது வைத்தியரிடம் நானாகத்தான் கொடுத்தேன், யாரும் என் மேசையை உடைத்து எடுக்கவில்லை. ஒரு நோயாளியின் கேள்திறன் குறைவதை இவ்வளவு ஒழுங்காகப் பதிந்த தாள்களைத் தான் கண்டதில்லை என்று அவர் சொன்னாராம். வேறு என்னவும் சொன்னாராம். அது என்னிடம் நேரில் சொல்லப்படவில்லை.

தாள் கையில் இருக்கும்போது ஏன் சொல்லவில்லை? எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஏர்ஹூ ஆசிரியைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தால் பள்ளி என்ன செய்யும்? பூங்கொத்தும் கடிதமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும். நாற்பத்தைந்து வயதில் அந்தப் பெண் எங்கே போவார்? ஆகவே நான் ஓர் ஏற்பாடு செய்தேன். அவர் சுரம் எத்தனை பங்கு விலகுகிறதோ அத்தனை பங்கை நிரல் தானாகக் கழித்துவிட்டு, பச்சைக் கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் வரையும்படி எழுதினேன். அவர் வாசித்தது பிழை. திரையில் வந்தது சரி. மாணவர்கள் திரையைப் பார்த்து ஒழுங்காகவே படித்தார்கள். இதில் நட்டப்பட்டவர் யார்?

மாணவர்கள் ஏழு பேர். ஆறு பேர் சுவிஸ்காரர், தங்கமான மனிதர்கள். ஆசிரியை நேரில் வாசிப்பது சற்றுக் கோணலாகக் கேட்டபோது, சீனச் சுரம் இப்படித்தான் போலும் என்று மரியாதையாகப் பொறுத்துக்கொண்டார்கள். ஒருவர் அந்தக் கோணலையும் சிரமப்பட்டுப் பழக முயன்றார். மரியாதை நல்ல குணம்தான், அது எனக்குப் பெரிய உதவி.

ஏழாமவள் மயூரி. எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளை, வயது இருபத்து மூன்று, மருந்துக்கடையில் வேலை. சிறு வயதிலிருந்து கர்நாடக வயலின் வாசித்தவள். தொண்ணூற்றாறு ஏப்ரலில் ஒரு நாள் மற்றவர்கள் போன பிறகு அவள் நின்றாள்.

"அண்ணை, ஒருக்கா உங்கட காதாலை கேட்டுச் சொல்லுங்கோ. மேல் ஸ்தாயியிலை அவ சுருதி விலகிப் போறா."

"ஸ்கிரீனிலை சரியாத்தானே நிக்குது, பிள்ளை."

"நான் ஸ்கிரீனைக் கேக்கேல்லை. உங்களைத்தான் கேக்கிறன்."

அவளை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினேன். ஒரு சங்கீதத்துக்குப் பழகிய காது இன்னொரு சங்கீதத்தைப் பிழை என்றுதான் சொல்லும் என்றேன். பிறகு அவளையே வாசிக்கச் சொன்னேன். அவளுடைய சிவப்புக் கோட்டை நான் பத்துப் பங்கு தள்ளி வைத்திருந்தேன். அன்று ஒரு நாள் மட்டும்தான். திரையைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் செத்துப்போனது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி, அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு வருடம் வகுப்புக்கு வரவில்லை. தன் காது கெட்டுவிட்டது என்று நினைத்து வயலினையும் மூடி வைத்துவிட்டாள் என்று இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது அவளுடைய மெல்லிய மனம். அதற்கும் என்னைப் பிடித்தால் நான் என்ன செய்வது?

மே மாதம் பள்ளித் தலைவர் மறுபடி கேட்டார். இயந்திரமும் நித்தியானந்தனும் இல்லாமல் என்னால் பாடம் நடத்த முடியாது என்று ஃபிராவ் ஷென் சொன்னார். அப்போது அது உண்மையாகியிருந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் பிறகு முதலில் திரையைப் பார்ப்பார், அதன்பின் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைத்தால்தான் அடுத்த சுரத்துக்கு விரல் போகும். பரீட்சார்த்தம் இன்னும் இரண்டு வருடம் நீடிக்கப்பட்டது. இப்படி ஒருவர் என் முகத்தைப் பார்த்திருந்ததை நான் பிழை என்று நினைக்கவில்லை. நீங்களும் உங்கள் மேசைக்கு எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

இனி நீங்கள் அடிக்கோடு போட்டு வைத்திருக்கும் நாளுக்கு வருகிறேன். தொண்ணூற்றாறு ஜூன் பதின்மூன்று, வியாழக்கிழமை.

அன்று ஃபிராவ் ஷென் கையில் ஒரு சிறு அட்டையோடு வந்தார். காது வைத்தியரிடம் அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு நேரம் எடுத்திருந்தார். தலைக்குள் ஒரு விசில் சத்தம் நிற்காமல் கேட்கிறது, சில சமயம் வாத்தியம் தூரத்தில் ஒலிப்பதுபோல இருக்கிறது என்றார். பயந்துபோயிருந்தார். "நித்தியானந்தன், நீங்கள் சொல்லுங்கள். என் ஒலி மாறிவிட்டதா?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதைக் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும், அண்ணை. என் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாசியுங்கள் என்றேன். பதிந்தேன். இரண்டு கோடுகளைத் திரையில் போட்டேன். ஒன்று முதல் வருடத்துப் பதிவு, மற்றது இன்றையது என்று கையால் காட்டினேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக மயிரிழை பிசகாமல் படிந்திருந்தன. படியாதா? இரண்டும் முதல் வருடத்துப் பதிவுதான். அன்று வாசித்ததில் மேல் சுரங்கள் முப்பத்தொரு பங்கு விலகியிருந்தன. அவ்வளவையும் கழித்தால் கோடு இயல்பாக இருக்காது என்று பழையதையே இரண்டு தரம் போட்டேன்.

அவர் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் கழுவிய பிள்ளைபோல ஆனார். களைப்புத்தான், அவ்வளவுதான் என்று சொல்லிச் சிரித்தார். அட்டையை என் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, என் தொலைபேசியிலேயே அந்த நேரத்தை வேண்டாம் என்றார். மறுமுனையில் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. நான்தான் வாங்கிப் பேசி முடித்தேன். அவர் போனதும் அட்டையை எடுத்து ஜனவரித் தாளோடு சேர்த்து வைத்தேன்.

அவருக்கு வந்தது தன் உடம்பே தன் உள்காதைத் தின்னும் ஓர் அரிய நோய். ஆரம்ப மாதங்களில் மருந்து தொடங்கியிருந்தால் பெரும்பாலும் நிறுத்தியிருக்கலாம் என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். அந்த ஜூனில் வந்திருந்தால்கூட ஒரு காதையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். நான் அதை மறுக்கவில்லை. எனக்கு வைத்தியம் தெரியாது என்று சொல்லித் தப்பவும் மாட்டேன். பெப்ரவரியிலேயே நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து அகராதியோடு படித்தேன். கேள்திறன் மாதாமாதம் குறைந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும் என்று அதில் இருந்தது. ஆகவே ஆம். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன். அவர் காதைப் போகவிட்டேன். போகும்போது அளந்தும் வைத்தேன்.

ஆனால் அந்தக் காலம் முழுவதும் அவர் ஆசிரியையாக இருந்தார். மேடையில் இருந்தார். மரியாதையோடு இருந்தார். அதைக் கொடுத்தவன் நான். உங்கள் வைத்தியர் காதைக் கொடுத்திருப்பார், சரி. கடைசி மாதங்களில் அவர் முழுவதுமாக என் வழியாகத்தான் கேட்டார். அப்படி ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதர் காதாக இருந்ததை எந்தச் சட்டப் புத்தகத்தில் குற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள்?

இந்த வருடம், தொண்ணூற்றேழு ஏப்ரலில், மயூரி திரும்பி வந்தாள். வணக்கமும் சொல்லவில்லை. ஃபிராவ் ஷென் முதுகைக் காட்டி வில்லுக்குக் குங்கிலியம் தடவிக்கொண்டிருந்தார். மயூரி பையிலிருந்து சுருதிக் குழலை எடுத்து, அவருக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நின்று ஊதினாள். அவர் திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய், கன்னம் உப்ப ஊதினாள். மாணவர்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் குங்கிலியம் தடவிக்கொண்டேயிருந்தார். மயூரி குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் அறிஞ்சிருந்தீங்கள், என்ன?"

ஓம் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. புனிதவதி அறிந்த அன்று பகல் முழுவதும் தன் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்களை ஆரும் பாத்துக்கொண்டு நிக்கோணும். அதுக்காக ஒரு மனிசியின்ர காதைத் திண்டிட்டியள்" என்றாள். கோபத்தில் வரும் வார்த்தைகளை நான் பெரிதாக எடுப்பதில்லை. இப்போது ஷாஃப்ஹவுசனில் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கப் போயிருக்கிறாள். பெரிய பெட்டியைத்தான் கொண்டுபோனாள். ஜூன் மாதத்தில் குளிர் கோட்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அவள் எப்போதும் முன்யோசனைக்காரி.

கடைசியாக, போகக் கூடாது என்று சொல்லியிருந்தும் சென்ற வியாழன் ஏன் ஃபிராவ் ஷென் வீட்டுக்குப் போனாய் என்று கேட்டீர்கள். வியாழன் எங்கள் பாட நாள். பள்ளியின் இயந்திரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். நான் வீட்டிலிருந்த பழைய கொம்பியூட்டரில் அதே நிரலை மறுபடி எழுதியிருந்தேன். இந்த முறை எதையும் கழிக்கவில்லை. அவர் உண்மையாக எங்கே நிற்கிறார் என்று காட்டி, அங்கிருந்து ஒவ்வொரு சுரமாகத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்பது என் திட்டம். திரை இல்லாமல் அவர் வாசிக்க மாட்டார். நான் இல்லாமல் திரையை வாசிக்க மாட்டார். அன்று காலையிலிருந்தே மழை கொட்டியது. பெட்டியை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கதவு மணியை அழுத்தினேன். மணி அடித்தால் எரியும் வெள்ளை விளக்கு ஒன்றை யாரோ அவருக்குப் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல வேலைப்பாடு. நான் அழுத்த அழுத்த அது அறைக்குள் எரிந்து அணைந்ததை யன்னலால் கண்டேன். அவர் அதற்கு நேர் எதிரே கதிரையில் இருந்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு யன்னலால் என்னையும், என் கையிலிருந்த பெட்டியையும் பார்த்தார். எழுந்து வந்தார். கதவைத் திறக்கத்தான் வருகிறார் என்று பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் யன்னல் திரையை இழுத்து மூடினார். வெயிலில் கண் கூசியிருக்கும்.